காளிக்கு நட்ட கல்

எங்கள் வீட்டுக் கருப்பி செத்து இன்றோடு 42 நாள். 12 வருடம் எங்களோடு இருந்தாள். சாதாரண நாட்டு நாய்தான். கொல்லையில் மாமரத்தடியில் புதைத்தோம். கிணற்றடியில் பழைய துவைக்கிற கல் ஒன்று சும்மா கிடந்தது. அதைப் புரட்டிக் கொண்டுவந்து தலைமாட்டில் நட்டுவைத்தேன்.

அன்றைக்கு ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், நான் கை கழுவ வந்தபோது கேட்டார்: "நாய் செத்தா பொதைக்கறது சரி. கல்லு எதுக்குடா? இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் இல்ல?"

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. "நம்ம ஊர்லயே உண்டு பெரியப்பா. ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடியே நாய்க்குக் கல்லு வச்சிருக்காங்க" என்றேன். அவர் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது.

ஆனால் எனக்கு முடியவில்லை. ராத்திரி படுத்தபிறகு உறுத்தல் ஆரம்பித்தது. நடுகற்களைப் பற்றிப் பல வருடமாகக் குறிப்பு எடுத்து வைத்திருப்பவன் நான். அந்தக் கற்கள் உண்மையில் என்ன சொல்கின்றன? நான் பெரியப்பாவிடம் சொன்னதையா? அல்லது என் துக்கத்துக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று அவற்றை வலுக்கட்டாயமாக இழுத்து வந்து நிறுத்தினேனா? மறுநாள் பழைய நோட்டுகளை எடுத்து, நாய்க்கும் கோழிக்கும் எழுந்த கற்களை மட்டும் ஒருமுறை நிதானமாகப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடுத்தனூர்: ஒரு நாயின் பெயர்

முதலில் நம் பக்கத்துக் கல். திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர் என்றொரு ஊர். நடுகல் பற்றிப் படிப்பவர்களுக்குச் செங்கம் வட்டாரம் ஒரு சுரங்கம் மாதிரி. 1970களின் தொடக்கத்தில், இரா. நாகசாமி தலைமையில் இருந்த தமிழ்நாடு தொல்லியல் துறை இந்தப் பகுதியில் நடுகற்களைத் தேடிப் படித்து 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகவே வெளியிட்டது. பல்லவர் கால வட்டெழுத்தில், இலக்கியத் தமிழாக இல்லாமல் கிட்டத்தட்டப் பேச்சுத் தமிழாகவே இருக்கும் கல்வெட்டுகள் இவை.

எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பாதி. செய்தி இதுதான்: வாணகோ அரைசர் என்பவரின் மருமக்கள் பொற்றொக்கையார். அவருக்குக் கீழ் இருந்த இளவீரன் கருந்தேவக்கத்தி. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் அவன் செத்தான். அவனுக்கு நட்ட கல் இது. ஆநிரை கவர்தல், மீட்டல் என்று நாம் புறத்திணையில் படிக்கிற அதே விஷயம்தான். மாடுபிடிச் சண்டையில் செத்தவனுக்குக் கல் நடும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழையது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்பிராமி நடுகல்லும் ஒரு ஆகோள் பூசலைத்தான் சொல்கிறது.

எடுத்தனூரின் தனிச்சிறப்பு, வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருப்பது. நாய்க்கென்று தனியாக ஒரு வரியும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்து, காத்து நின்றது என்று அந்த வரி சொல்கிறது.

கல்வெட்டில் வரும் சொல் 'காத்திருந்தவாறு'. இன்றைக்கு நம் காதில் 'காத்திருத்தல்' என்றால் யாரையோ எதிர்பார்த்து இருப்பது. முதல்முறை படித்தபோது எனக்கும் அப்படித்தான் கேட்டது. எஜமான் எழுந்துவிடுவான் என்று பிணத்தருகே காத்திருந்த நாய் என்று மனசு உடனே ஒரு கதை கட்டிவிட்டது. ஆனால் கல்வெட்டுத் தமிழில் அதைக் 'காத்து இருந்த' என்றே பிரிக்க வேண்டும். காவல் காத்தது. மந்தையையோ, விழுந்துகிடந்தவனையோ விட்டு அகலாமல் நின்றது. என் கதையை நான் கைவிட வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் கவனித்தேன். கருந்தேவக்கத்தி 'பட்டான்', அதாவது செத்தான், என்று தெளிவாக இருக்கிறது. கோவிவனுக்கு அந்தச் சொல் இல்லை. கடித்தது, காத்தது என்பதோடு சரி. ஆகவே இதை 'நாய்க்கு எழுப்பிய கல்' என்று பெரியப்பாவிடம் சொன்னது கொஞ்சம் மிகை. கல் அந்த வீரனுடையது. நாய்க்கு அதில் ஒரு பங்கு.

ஆனால் அந்தப் பங்கு லேசானது இல்லை. ஒரு கருங்கல் பலகையில் எழுத்து வெட்டுவது சும்மா வேலையா? ஒவ்வொரு எழுத்துக்கும் உளி, நேரம், கூலி. அந்த நெருக்கடியான இடத்தில் 'அவனுடைய நாய்' என்று போட்டிருந்தாலே போதும். பெயரைப் போட்டிருக்கிறார்கள். மகேந்திரவர்மன் காலத்து ஜனங்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? கோவிவன் பெயர் தெரியும்.

இரண்டு சேவல்கள்

அடுத்தது கோழிகள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் ஒரு கல்லில் சேவல் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. வட்டெழுத்து உருவாகிக்கொண்டிருந்த காலத்து எழுத்து. முகையூர் மேற்சேரிக்காகப் போரில் ஆடிய கோழி என்பது செய்தி. மதுராந்தகத்துக்குத் தெற்கே, செய்யூர்ப் பக்கம் இந்தளூரில் கிடைத்த கல்லிலும் சேவல்தான். அதன் எழுத்து இன்னும் சிக்கனம்: கீழ்ச்சேரிக் கோழி, பெயர் பொற்கொற்றி. அவ்வளவுதான்.

இரண்டிலும் வளர்த்தவர் பெயர் இல்லை என்பதைப் பாருங்கள். மேற்சேரியின் கோழி, கீழ்ச்சேரியின் கோழி. ஊரின் ஒரு பகுதியே அந்தச் சேவலைத் தன்னுடையதாக எண்ணியிருக்கிறது. சேவல் சண்டை நடக்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். களத்தில் நிற்கிற சேவல் ஒரு வீட்டுக்குச் சொந்தமானதாக இருக்கலாம். ஆனால் அது தோற்றால் தெருவே தலைகுனியும்.

ஆக, இதுவரை பார்த்த மூன்றிலும் பொதுவான விஷயம் ஒன்று: செய்கை. கடித்தது, காத்தது, களத்தில் ஆடியது. நடுகல் மரபே அப்படிப்பட்டதுதான். தொல்காப்பியம் கல்லைத் தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை படிப்படியாகச் சொல்கிறது. அந்தச் சடங்கு முழுவதும் வீரத்துக்கானது. பாசத்துக்கு அதில் தனி இடம் கிடையாது. மனிதருக்கே அப்படி என்றால் விலங்குக்கு வேறு மாதிரி இருக்குமா?

இங்கேதான் எனக்குத் தர்மசங்கடம். எங்கள் கருப்பி ஒரு திருடனையும் கடித்ததில்லை. போன வருடம் பின்கட்டில் இருந்த பித்தளை அண்டாவை எவனோ தூக்கிக்கொண்டு போனபோது அவள் வாலாட்டிக்கொண்டு வாசல்வரை வழியனுப்பியிருப்பாள் என்று அம்மா இன்னமும் சொல்வாள். மகேந்திரவர்மன் காலத்து அளவுகோலில் கருப்பிக்குக் கல் கிடையாது.

ஆதகூர்: காளி

நான்காவது கல் கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனால் கதை தொடங்குவது நம் அரக்கோணம் பக்கம்.

கி.பி. 949. தக்கோலம். இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையும் சோழர் படையும் மோதுகின்றன. சோழர் பக்கம் முன்னின்றவன் முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராஜாதித்தன். யானைமேல் இருந்தபடியே அவன் செத்தான். 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று பின்னால் சோழர்கள் அவனைக் குறிப்பிட்டார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. கிருஷ்ணன் தன்னைக் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' கன்னரதேவன் என்று சொல்லிக்கொண்ட கல்வெட்டுகள் தமிழ்நாட்டிலேயே நிறைய உண்டு. சோழர்கள் பழையபடி தலைதூக்க இன்னொரு தலைமுறை ஆயிற்று.

இராஜாதித்தனைக் கொன்றவன் கிருஷ்ணனின் சகோதரியை மணந்திருந்த கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். இது நமக்கு எப்படித் தெரியும்? மாண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்தில் ஆதகூர் என்ற ஊரில் கிடைத்த பழங்கன்னடக் கல்வெட்டு ஒன்றால். ஃப்ளீட் அதை எபிகிராஃபியா இண்டிகாவில் பதிப்பித்தார். நீலகண்ட சாஸ்திரி முதல் இன்றுவரை தக்கோலப் போரை எழுதும் யாரும் அந்தக் கல்லைத் தொடாமல் போக முடியாது.

ஆனால் அந்தக் கல்லை எதற்காக நட்டார்கள் தெரியுமா? ஒரு நாய்க்காக.

கல் சொல்லும் கதை இது. பூதுகனிடம் மணலேரன் என்றொரு வீரன் இருந்தான். தக்கோலத்தில் பூதுகனின் கண்முன்னே அவன் நன்றாகச் சண்டை போட்டான். பூதுகனுக்கு மெச்சிப்போயிற்று. என்ன வேண்டுமோ கேள் என்றான். அந்தச் சமயம் பூதுகன் கையில் கொடுப்பதற்கு நிறையவே இருந்தது. வனவாசி 12000, பெள்வொல 300, புரிகெரெ 300 என்று நாடு நாடாகக் கிருஷ்ணன் அவனுக்கு வாரிக்கொடுத்திருந்தான். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. காளி என்றால் கரியவள், நம்ம கருப்பிதான். இதைப் படித்த இடத்தில் நோட்டைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் பெளத்தூர்க் குன்றுக்கு மேற்கே ஒரு பெரிய காட்டுப்பன்றி. அதன்மேல் காளியை ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று சேர்ந்தே செத்தன. அதன் நினைவாக ஆதகூரில் சல்லேசுவரர் கோயில் முன்னால் கல் நட்டார்கள். நாயும் பன்றியும் மோதும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லுக்கு மானியமாகப் பெரிய ஏரியின் கீழ் இரண்டு கண்டுக விதைப்பாட்டு நிலமும் விட்டார்கள். நன்செய் நிலம். கோயிலுக்கு விடுவது மாதிரியே விட்டிருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் பெங்களூர் கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் இந்தக் கல்லைப் பார்த்தேன். அப்போது நான் தேடிப்போனது இராஜாதித்தனை. அவன் பெயர் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, குறிப்பெடுத்துக்கொண்டு, நாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். என் நோட்டில் அன்றைய தேதியில் 'தக்கோலம், முக்கியம்' என்று அடிக்கோடு இருக்கிறது. காளியைப் பற்றி 'நாய் சிற்பம் உண்டு' என்று மூன்றே சொல்.

சரித்திரம் படிப்பவர்களான நமக்கு இராஜாதித்தன் தலைப்புச் செய்தி, நாய் அடிக்குறிப்பு. கல் நட்டவர்களுக்கோ நாய் சாகாவிட்டால் கல்லே இல்லை. சோழப் பேரரசின் ஒரு பெரிய சரிவுக்கு இன்றைக்கு நாம் காட்டும் முக்கியமான ஆதாரம், ஒருத்தன் தன் நாய்க்குச் செய்த நினைவு மரியாதையோடு ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

நாய் செய்த பாவம்

கல்வெட்டின் கடைசிப் பகுதிதான் என்னை இந்த 42 நாளில் அதிகம் படுத்தியது.

தானக் கல்வெட்டுகளின் முடிவில் ஒரு சாபம் வரும். இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது போல. கங்கைக்கும் குமரிக்கும் இடையில் செய்தவர் செய்த பாவமெல்லாம் கொள்வான் என்றும் வரும். கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு இது மனப்பாடம். கண் தானாகவே தாண்டிப் போய்விடும்.

காளியின் கல்லில் உள்ள சாபம் வேறு மாதிரி. அந்த நிலத்தைக் கெடுப்பவன், அவன் உழுகிற குடியானவனோ ஊரை ஆள்பவனோ நாட்டை ஆள்பவனோ யாராக இருந்தாலும், அந்த நாய் செய்த பாவத்தை அடைவான். இன்னும் ஒன்று: அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் கொரவர், அதாவது சைவத் துறவி, அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால், நாய் செய்த பாவம் அவரைச் சேரும்.

நாய் என்ன பாவம் செய்தது?

வேட்டை நாய். வாழ்நாள் முழுக்க உயிர்களைக் கொன்றது. அந்தப் பாவமாக இருக்கலாம். நாய்ப் பிறவியே முன்வினையின் பலன் என்ற நம்பிக்கையில் சொன்னதாகவும் கொள்ளலாம். இரண்டில் எது என்று கல்லை வைத்து அறுதியிட முடியாது. எனக்கு முதலாவது பொருத்தமாகப் படுகிறது. அப்படி எடுத்துக்கொண்டால் அடுத்த கேள்வி வருகிறது. அது கொன்றதெல்லாம் யார் ஏவிக் கொன்றது? அந்தப் பன்றியின் மேல் காளியாகப் போய்ப் பாயவில்லை, ஏவிவிட்டார்கள். ஏவியவனுக்குப் பாவம் இல்லையா?

மணலேரன் அழுதானா என்று கல்லில் இல்லை. நடுகல்லில் அதெல்லாம் எழுதுவதில்லை. ஆனால் ஒரு நாடோ ஊரோ கேட்டிருக்கக்கூடிய இடத்தில் நாயைக் கேட்டு வாங்கியவன் அவன். அந்த நாய் ஒரு வேட்டையில் போய்விட்டது. அதற்குப் பின் அந்தக் கல்லுக்கு முன் தினமும் ஒருவர் நின்று பூசை செய்துவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. பாசம் மட்டுமே இதைச் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. குற்றவுணர்ச்சி கொஞ்சமாவது கலந்திருக்கும். இது என் ஊகம், கல்வெட்டு ஆதாரம் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரையாக இருந்தால் இந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டேன்.

இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. கருப்பி கடைசியில் மூன்று நாள் தட்டைத் தொடவில்லை. "வயசாச்சு, வெயில் வேற, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொன்னது நான்தான். நாலாவது நாள் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிட்னி போய்விட்டது என்றார் டாக்டர். முன்னாடியே வந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. துவைக்கிற கல்லைப் புரட்டிக்கொண்டு போனபோது எனக்கு இருந்தது துக்கம் மட்டும் என்று சொன்னால் அது பொய்.

பெரியப்பா சொன்னதில் எவ்வளவு சரி

இனி அவருடைய கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லலாம். 'வெள்ளைக்காரன் பழக்கம்' என்றது பாதி சரி.

வளர்ப்புப் பிராணிகளுக்கென்றே தனி மயானம் என்பது இன்றைய வடிவில் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தொடங்கியது. லண்டன் ஹைட் பார்க்கில் 1881இல் செர்ரி என்ற சின்ன மால்டீஸ் நாயைப் புதைத்தார்கள். அடுத்தடுத்து மற்றவர்களும் கேட்க, காவல்காரர் வீட்டுத் தோட்டமே வரிசை வரிசையாகச் சின்னக் கற்கள் நிற்கும் மயானமாகிவிட்டது. நியூயார்க் பக்கம் ஹார்ட்ஸ்டேலில் 1896இலும், பாரீஸை ஒட்டிய அனியேரில் 1899இலும் இதேபோல வந்தன. இந்த நாய்கள் யாரையும் காக்கவில்லை, வேட்டையாடவில்லை. மடியில் கிடந்தன, செத்தபோது வீடு வெறிச்சென்றானது. அதற்காக மட்டுமே கல்.

இதுவும் அங்கே புதிதில்லை. ரோமானியர் காலத்துப் பளிங்குப் பலகை ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மார்கரிட்டா என்ற நாயின் கல்லறை வாசகம். மார்கரிட்டா என்றால் முத்து. அந்த நாயே பேசுவதுபோல எழுதியிருக்கிறார்கள். காடுகளில் வேட்டையாடக் கற்றது, எஜமானர் மடியிலும் எஜமானி மடியிலும் படுத்தது, களைத்தால் மெத்தைமேல் உறங்கியது, குட்டி போடும்போது இறந்தது என்று போகிறது. அதிலும் வேட்டை உண்டு. ஆனால் வாசகத்தின் உயிர் அந்த மடியில்தான் இருக்கிறது.

காளியின் கல்லில் மடி இல்லை. கோவிவனின் கல்லிலும் இல்லை. 'நம் முன்னோர் நம்மைப் போலவே நாயைக் கொஞ்சினார்கள், அதற்குக் கல் சாட்சி' என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் கல் அப்படிச் சொல்லவில்லை. கொஞ்சியிருப்பார்கள். ஆனால் கொஞ்சியதற்காகக் கல் நடவில்லை.

ஆனால் இன்னொரு பக்கம் பார்த்தால், கல்லறைத் தோட்டத்தில் இல்லாத ஒன்று ஆதகூரில் இருக்கிறது. மயானத்துக் கல் ஓரிடத்தில் நிற்கும், வேண்டுமென்றால் போய்ப் பார்க்கலாம். காளியின் கல்லோ ஊரின் அன்றாடத்தில் இருந்தது. அதற்கு நிலம், அந்த நிலத்துக்கு உழவன், விளைச்சலுக்குக் கணக்கு, சோற்றுக்கு முன் ஒரு பூசை. மணலேரன் செத்தபிறகும் காளியை நேரில் கண்டிராத யாரோ ஒருவர் தினமும் அதை நினைத்தாக வேண்டும் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். செங்கம் பக்கமும் இந்தத் தொடர்ச்சி உண்டு. அங்கே பல நடுகற்கள் இன்றைக்கும் வேடியப்பன் என்ற பெயரில் கும்பிடப்படுகின்றன. மஞ்சள், பொங்கல், மாலை எல்லாம் உண்டு. கல்லில் இருப்பவன் யார், எந்தச் சண்டையில் செத்தான் என்பது மறந்துபோய்விட்டது. கும்பிடுவது மட்டும் நிற்கவில்லை.

ஆகவே பெரியப்பாவுக்கு என் திருத்திய பதில்: நாய்க்குக் கல் நடுவது நமக்குப் புதிதில்லை. ஆனால் வேலை செய்யாத நாய்க்கு, சும்மா கூட இருந்ததற்காக மட்டும் நடுவது நம் நடுகல் மரபில் இல்லை. அந்த ஒன்றை நான் வெளியிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்குக் கூச்சம் இல்லை.

இதைப் போன வாரம் போனில் அவரிடம் சொன்னேன். காளி கதையை முழுசாகக் கேட்டார். நிலம் விட்டது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. சாப்பாட்டு விஷயத்தில்தான் நிறுத்தினார். "கும்பிடாம சாப்ட்டா பாவமா? அப்போ அந்தப் பூசாரி ஒருநாள் மறந்தா என்ன பண்ணுவான்?" என்றார். பிறகு அவரே, "எங்கப்பா, அதான் உன் தாத்தா, உழவுமாடு செத்தப்ப ரெண்டு வேளை சாப்பிடல. யாரும் சொல்லியும் கேக்கல" என்றார். எனக்கு இது தெரியாத செய்தி. அந்த மாட்டுக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மயிலை" என்றார். அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். பெயர் நினைவிருக்கிறது.

கொல்லையில் இருக்கும் துவைக்கிற கல்லில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். செய்த காரியம் என்று எழுத எதுவும் இல்லை. இந்தளூர்க் கல்தான் கடைசியில் வழிகாட்டியது. இருந்த இடம், பெயர், அவ்வளவுதான். உளி பிடிக்கத் தெரியாது, அதனால் வெள்ளை பெயிண்டில் எழுதினேன். 'கொல்லைக் கருப்பி'. மழைக்கு அழிந்தால் திரும்ப எழுத வேண்டும். வருடம் ஒருமுறை அந்த வேலை இருக்கட்டும்.

உங்கள் ஊரில் நாய், மாடு, சேவல், குதிரை என்று எதற்காவது கல்லோ மேடையோ இருந்தால் எழுதுங்கள். கல்வெட்டு இருக்க வேண்டும் என்பதில்லை. அதன் பெயரை ஊரில் யாருக்காவது தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பெயர்தான் முதலில் தொலைந்துபோகிறது.